நிரம்பக் கூடாத குளம்

தொழிற்சாலையின் தாழ்ந்த மூலையில் இருந்த அதை யாரும் குளம் என்று சொன்னதில்லை. பள்ளம் என்றுதான் சொல்வார்கள். ஷெட்டுக் கூரைகளிலிருந்தும் சிமெண்ட் ரோடுகளிலிருந்தும் ஓடிவரும் மழைத்தண்ணீரைப் பிடித்து நிறுத்தி, மெதுவாக வெளியே விடுவதற்காகத் தோண்டியது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதில் வேலிகாத்தான் முள்ளும், துருப்பிடித்த டிரம்களும், கேண்டீனிலிருந்து எறிந்த எச்சில் இலைகளும் கிடந்தன. பகல் முழுக்கப் பன்றி மேயும்.

1991ஆம் வருஷம். அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் பெயர் எதற்காக உலகமெல்லாம் அடிபட்டது என்று எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அது இல்லை. தண்டலத்துக்கு இந்தப் பக்கம், பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த எங்கள் தொழிற்சாலையில் அந்தப் பள்ளத்தை நாங்கள் சீர்ப்படுத்திய கதை. ஏதோ சாதனை என்று நினைத்துவிட வேண்டாம். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. சிவில் டிப்ளமோ. கட்டட வேலைகளுக்கு மூன்று சூப்பர்வைசர்கள் இருந்தோம். மற்ற இரண்டு பேரும் ஆண்கள். புது ஷெட் கட்டும் வேலை அவர்களுக்குப் போயிற்று. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "பள்ளத்தை அழகு பண்ணணும்மா. கரையை உயர்த்தி, கல் பதிச்சு, சுத்தி புல்லு, மரம் எல்லாம் வைக்கணும். உனக்குத்தான் சரியா வரும்" என்றார். ஏன் எனக்குச் சரியாக வரும்? தோட்ட வேலை பொம்பளைக்கு. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வரைபடத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வரைபடம் எங்கேயோ வெளியூரிலிருந்து வந்தது. அதில் குளத்தின் அடித்தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரு புள்ளிக்கோடு. மழைக்காலம் தொடங்கும்போது இந்தக் கோட்டுக்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது என்று பக்கத்தில் எழுதியிருந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன். நான் வடக்குப்பட்டுப் பக்கம் பயிர் வைக்கிற குடும்பத்தில் பிறந்தவள். ஐப்பசியில் ஏரி காய்ந்து கிடந்தால் எங்கள் வீட்டில் அடுப்படியில்கூடப் பேச்சு இருக்காது. மதகு ஓரத்தில் ஒரு விரல் தடிமனுக்குத் தண்ணீர் ஒழுகினால் அப்பாவுக்கு வயிறு எரியும். மழைக்கு முன்னால் குளத்தைக் காலி பண்ணி வை என்று ஒருவன் எழுதுகிறான் என்றால் அவனுக்கு எதுவும் தெரியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

குளத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கறுத்து, மெலிந்து, நாக்கில் தேள்கொடுக்கை வைத்துக்கொண்டு இருப்பார். அவர் குடும்பம் அந்த ஊர் ஏரிக்கு நீர்க்கட்டி. அதாவது மதகைத் திறப்பதும் மூடுவதும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று விடுவதும், மழை இரவுகளில் கரையைச் சுற்றி நடந்து பார்ப்பதும் அவர்கள் வேலை. அவர்கள் ஊரில் ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தில் பாதிக்கு மேல் தொழிற்சாலைகளுக்கு விற்றாகிவிட்டது. ஏரி மட்டும் நிரம்பிக்கொண்டிருந்தது. பாய்ச்ச வயல் இல்லாத நீர்க்கட்டி எங்கள் கேட்டுக்குள் வந்து காக்கிச் சட்டை போட்டுக்கொண்டார்.

முதல் நாளே கரையைச் சுற்றி வந்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாம்மா இது, கலங்கலே காணோம்?"

ஏரி நிரம்பி வழிந்தால் உபரித் தண்ணீர் தானாகப் போவதற்குக் கரையில் ஓர் இடத்தைத் தாழ்த்திக் கல் கட்டி வைப்பார்கள். அதுதான் கலங்கல். அது இல்லாத ஏரியை நானும் பார்த்ததில்லை.

"படத்துல இல்லண்ணா. வெளிய போக ஒரே ஒரு குழாய்தான். அதுக்கு ஒரு ஷட்டர்."

"படம் போட்டவன் ஏரிய பாத்துகீறானா?"

"ரயில்ல போவும்போது பாத்திருப்பான்."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கலங்கல் இல்லாமல் ஒருவன் படம் போட்டிருக்கிறான் என்றால் அவன் அதை நிரப்பவே நினைக்கவில்லை என்பது எங்கள் இரண்டு பேர் மண்டைக்கும் எட்டவில்லை. இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

வேலையை நான் நன்றாகத்தான் செய்தேன், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. புது ஷெட்டுக்காகப் பக்கத்து யார்டில் ஆளுயரத்துக்கு மண்ணை வெட்டி இறக்கியிருந்தார்கள். அந்த மண்ணைக் கொண்டுவந்து கரையைச் சுற்றிலும் உயர்த்தினோம். உட்புறச் சரிவில் வரிசை வரிசையாகக் கல் பதித்தோம். கரைமேல் புல், வெளிச்சரிவில் வெட்டிவேர், நடந்து போக ஒரு பாதை, பாதை ஓரம் புங்கனும் பூவரசும். நீர்க்கட்டி செடி ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, "இது வேரு செத்தது, இத்த திருப்பி அனுப்பு" என்று நர்சரி வண்டிக்காரனோடு மல்லுக்கு நிற்பார். என்னோடும் தினமும் சண்டைதான். கல் வரிசை கோணல் என்பார். நான் கோணல் இல்லை என்பேன். நூல் பிடித்துப் பார்த்தால் கோணலாகத்தான் இருக்கும்.

வெளிச்சரிவுக்குக் கீழே, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் பதினோரு வீடுகள். ஓலையும் ஓடும் கலந்து இருக்கும். நீர்க்கட்டியின் வீடு முதல் வீடு. கரைமேல் நின்றால் அவர் மனைவி முற்றத்தில் பாத்திரம் துலக்குவது தெரியும். "ஏ, வெத்தல பாக்கு எடுத்தா" என்று மேலிருந்தே குரல் கொடுப்பார். பதினோரு வீட்டுக் கூரைகளுக்கு மேல் தண்ணீர் நிற்கப்போகிறது என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. ஏரிக்கரைக்குக் கீழே ஊர் இருப்பது எங்கள் பக்கம் எல்லா இடத்திலும் உள்ளதுதான்.

ஆவணியில் சாயங்கால மழைகள் தொடங்கின. குளத்தில் தண்ணீர் ஏறியது. ஷட்டர் ஓரத்தில் கசிந்துகொண்டிருந்ததை நீர்க்கட்டியால் பொறுக்க முடியவில்லை. மதகு அடைப்பது போல அடைத்துவிடலாம் என்றார். நான் இருபது காலி சிமெண்ட் சாக்கு எடுத்துக் கொடுத்தேன். அவர் அவற்றில் களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து நிரப்பி, தண்ணீருக்குள் இறங்கி, குழாய் வாயில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மிதித்து இறுக்கினார். சொட்டுக்கூடப் போகவில்லை. "இப்ப பாரு" என்று மீசையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார். சாக்கை எடுத்துக் கொடுத்தது என் கை. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் யாரும் அவரை மட்டும் குறை சொல்லக் கூடாது.

புரட்டாசியில் குளம் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. கொக்கு வந்தது, நீர்க்கோழி வந்தது. நீர்க்கட்டி ஷட்டர் சக்கரத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தினார். கேண்டீனில் சாப்பிட்டவர்கள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தார்கள். மேனேஜர் விருந்தாளிகளைக் கூட்டிவந்து கரைமேல் நிறுத்திப் படம் எடுத்தார். என்னை அறிமுகப்படுத்தி, "நம்ம பொண்ணு செஞ்சது" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கார்த்திகை பிறந்து சில நாட்களில் புயல் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்து கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி எட்டு. ஷிப்டுக்குப் பாதிப் பேர்கூட வரவில்லை. நேராகக் குளத்துக்குப் போனேன். நீர்க்கட்டி கோணிப்பையைத் தலையில் மாட்டிக்கொண்டு கரைமேல் குந்தியிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"எத்தன வரிசை தெரியுது பாரு" என்றார்.

உட்புறச் சரிவில் கரை உச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே நான்கு கல் வரிசைகள் தெரிந்தன. முந்தின நாள் சாயங்காலம் ஒன்பது தெரிந்தது எனக்கு நினைவிருந்தது.

"விடிகாலைல ஏழு இருந்துச்சு. ஏரில ஒரு நா பூரா பேஞ்சா ஒரு சாண் ஏறும். இது இன்னாம்மா, நா பீடி பத்த வெச்சு முடிக்கறதுக்குள்ள ஏறுது?"

அவர் குரலில் கேலி இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஏரிக்குத் தண்ணீர் காட்டிலும் மேட்டிலும் ஊறி, ஓடையில் தவழ்ந்து வரும். இங்கே கூரையிலும் சிமெண்டிலும் விழுந்த மழை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அப்படியே ஓடிவந்து குளத்தில் இறங்குகிறது. குளத்தில் வந்து விழும் நாலு வாய்க்கால்களும் நுரை தள்ளிக்கொண்டு கொட்டின. இந்த மழையைக் கொள்ள வேண்டிய இடத்தில் இரண்டு மாதமாக நாங்கள் அழகு பார்த்த தண்ணீர் நிற்கிறது. புள்ளிக்கோடு ஏன் முழங்கால் உயரத்தில் இருந்தது என்று அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது.

ஷட்டரைத் தூக்கினோம். சக்கரம் சுற்றியது, பலகை மேலே வந்தது, குழாயின் மறுமுனையில் ஒன்றும் வரவில்லை. நாங்கள் அடைத்த அடைப்பு அப்படியே நின்றது. சவுக்குக் கழியில் கடப்பாரையைக் கட்டி மேலிருந்து குத்திப் பார்த்தோம். எட்டடித் தண்ணீருக்குக் கீழே களிமண் இறுகிக் கிடந்தது, கடப்பாரை வழுக்கியது. வெளிப்பக்கம் போய்க் குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்த்தோம். எட்டவில்லை. மேலே வந்தபோது மூன்று வரிசை.

நீர்க்கட்டி வெளிச்சரிவின் அடிவரைக்கும் இறங்கிப் போனார். வெட்டிவேரை விலக்கி மண்ணில் கை வைத்தார். கையில் எடுத்த தண்ணீரை என்னிடம் காட்டினார். காப்பி நிறத்தில் இருந்தது.

"தெளிவா கசிஞ்சா பயமில்ல. கலங்கி வருது பாரு. உள்ள மண்ணு கரைஞ்சுகினு கீது."

நான் உயர்த்திய கரை. ஒரு கோடைகூடக் காயாத புது மண். அதற்குக் கீழே பதினோரு வீடுகள்.

காம்பவுண்டுச் சுவரில் இருந்த சின்னக் கேட்டைத் திறந்துகொண்டு ஓடினேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று கத்தினேன். "கரை ஒடையப் போவுது, எழுந்து மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க." ஒருவரும் அசையவில்லை. ஒரு கிழவர், "பெரிய ஏரிக் கரையே கல்லு மாரி நிக்குது, உன் குட்டை இன்னா பண்ணிடும்?" என்றார். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி, மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போகச் சொல்கிறாய் என்று என்மேல் எரிந்து விழுந்தாள். முதல் வீட்டில் நீர்க்கட்டியின் மனைவி கூரை ஒழுகலுக்குக் குண்டான் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு மேல கீறாரு இல்ல?" என்றாள்.

"கீறாரு. அவருதான்…"

"அவுரு கீறப்போ கரைக்கு இன்னா ஆவும்? நீ பயந்துகினு மத்தவங்களயும் பயமுறுத்தாத. போம்மா."

எனக்கு அவளை அறையலாம் போலவும், அவள் காலில் விழலாம் போலவும் இருந்தது. மேலே ஓடினேன்.

இரண்டு வரிசை.

மேனேஜரின் கார் பூந்தமல்லிக்கு இந்தப் பக்கம் எங்கோ தண்ணீரில் நின்றுவிட்டது என்று கேட்டில் சொன்னார்கள். போன் செத்துக் கிடந்தது. கையில் இருந்த வழி ஒன்றே ஒன்றுதான். யார்டுப் பக்கம் கரையை வெட்டிவிட்டால், மண் எடுத்த அந்தப் பள்ளத்துக்குத் தண்ணீர் இறங்கிவிடும். ஆனால் யார்டில் புது ஷெட்டுக்கு வந்த மெஷின்கள் பிரிக்காமல் மரப்பெட்டியோடு நின்றன. செக்யூரிட்டி ஆபீசர், பட்டாளத்தில் இருந்து வந்தவர், குடையைப் பிடித்துக்கொண்டு, "மேனேஜர் ஆர்டர் இல்லாம யாரும் கை வைக்கக் கூடாது" என்றார்.

"தலைக்கு மேல வெள்ளம் போவுது சார், சாண் இன்னா முழம் இன்னா?" என்று கத்தினேன்.

"எழுதிக் குடு" என்றார். எழுதிக் கொடுக்கிறேன், போய்க் காகிதம் கொண்டுவாருங்கள் என்றேன். அவர் நிஜமாகவே காகிதம் எடுக்கப் போனார்.

நீர்க்கட்டி சட்டையைக் கழற்றிப் போட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா பண்றீங்க?"

"நா வெச்ச அடைப்பு. நானே எடுக்கறேன். கயிற நீ புடிச்சுக்கோ."

எங்கள் ஊர் மதகில் அப்படி மூழ்கி அடைப்பை எடுத்த ஒருவரைத் தூக்கிவந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அடைப்பு விலகுகிற நொடியில் குழாய் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கயிறு பிடித்திருக்கிறவள் கையில் கயிறு மட்டும்தான் மிஞ்சும். இது அவருக்கும் தெரியும்.

"வேணாம். யார்டு பக்கம் வெட்டலாம். நாலு ஆளு கீறாங்க, மம்பட்டி கீது."

"கரைய வெட்டறதா?" அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் தாங்க முடியாது. "எங்க அப்பன் பாட்டன் எவனும் கரையில ஒரு புல்ல புடுங்கினது இல்ல. கரைய வெட்டினவன் கையி வெளங்காது. அவன் வூட்ல வெளக்கு எரியாது. நீயும் ஏரிக்கார வூட்டுப் பொண்ணுதானே?"

ஆமாம். நானும் அந்த வீட்டுப் பெண்தான். பசுவைக் கொன்ற பாவத்தையும் கரையை வெட்டிய பாவத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிற பேச்சைக் கேட்டு வளர்ந்தவள். வாயால் வெட்டலாம் என்று சொல்லிவிட்டேனே தவிர, மண்வெட்டி பக்கம் நானும் கை நீட்டவில்லை. வேலையாட்கள் நாலு பேரும் உள்ளூர்க்காரர்கள். மண்வெட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

"உங்க பொண்டாட்டி கீழ கீறாங்கண்ணா. நீங்க கீறீங்கன்னு நம்பி உள்ள ஒக்காந்துகினு கீறாங்க."

"அதுக்குத்தான் எறங்கறேன்றேன்."

அவர் சரிவில் ஒரு கல் இறங்கினார். நான் கயிற்றை அவர் இடுப்பிலிருந்து பிடித்து இழுத்தேன். அவர் என்னைத் தள்ளினார். நான் கீழே விழுந்தேன், சேலை முழுக்கச் சேறு. ஒருவரை ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டோம். அப்படி நான் ஒரு மனிதரைத் திட்டியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கயிறு என் கைக்கு வந்ததும் சுருட்டிக் குளத்துக்குள் எறிந்தேன். பிறகு ஓர் ஆள் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு யார்டுப் பக்கக் கரைக்குப் போனேன்.

முதல் வெட்டு புல்லின்மேல் விழுந்தது. நானே நர்சரியிலிருந்து கொண்டுவந்து நட்ட புல். இரண்டாவது வெட்டில் மண் வந்தது. அழுதுகொண்டே வெட்டினேன். சேறு கனமாக இருந்தது, மண்வெட்டி கையில் நிற்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வெட்டுக்கு ஒரு முழம் அகலத்துக்குக் கந்தல் கந்தலாக ஒரு குழிதான் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒரே வரிசை. அந்தக் கல்லின் மேற்புறத்தைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது.

"அப்பிடி வெட்டினா மொத்த கரையும் பூடும்."

பின்னால் நின்றார். முகம் முழுக்க மழையா கண்ணீரா தெரியவில்லை. என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினார். ஒரு நொடி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யாரிடம் மன்னிப்புக் கேட்டாரோ எனக்குத் தெரியாது. அப்புறம் வெட்டினார். ஓர் ஆள் நுழைகிற அகலம், அதற்கு மேல் ஓர் அங்குலம் கிடையாது. யார்டுப் பக்கத்திலிருந்து தொடங்கிக் குளத்தை நோக்கி வந்தார். "சாக்கு" என்றார். மண் நிரப்பிய சாக்குகளை இரண்டு பக்கமும் அடுக்கச் சொன்னார். நாலு ஆட்களும் ஓடிவந்தார்கள். அவர் தொட்ட பிறகு அவர்களுக்குத் தயக்கம் இல்லை. கடைசி ஒரு சாண் மண்ணை வெட்டும்போது எங்களை எல்லாம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரே போடு போட்டார்.

தண்ணீர் இறங்கிய சத்தத்தில் செக்யூரிட்டி ஆபீசர் காகிதத்தோடு ஓடிவந்தார். அதற்குள் மரப்பெட்டிகளைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்திருந்தது. சின்னப் பெட்டி ஒன்று மிதந்துபோய்ச் சுவரில் முட்டியது. நான் பெட்டிகளைப் பார்க்கவில்லை. கல் வரிசைகளையே எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு. மூன்று. ஐந்து தெரிந்தபோது கரைமேல் உட்கார்ந்தேன். பகல் பன்னிரண்டுக்கு மழை விட்டது. நீர்க்கட்டி மறுபடியும் கரையடிக்குப் போய்க் கசிவைக் கையில் பிடித்துப் பார்த்தார். தெளிந்திருந்தது.

கீழே பதினோரு வீடுகளிலும் கணுக்கால் தண்ணீர், அதுவும் குளத்துத் தண்ணீர் இல்லை, மழைத்தண்ணீர். அவ்வளவுதான். நீர்க்கட்டியின் மனைவி முற்றத்துக்கு வந்து மேலே பார்த்து, "நாந்தான் சொன்னேனே" என்று என்னிடம் சொன்னாள்.

மழை விட்ட மூன்றாம் நாள் மேனேஜர் அறையில் விசாரணை. மெஷின்களில் பாதி போய்விட்டது. மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். மேனேஜர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "யார் வெட்டச் சொன்னது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் என் பக்கத்தில் கைகட்டி நின்றவர் சொன்னார்.

"நாந்தான் சார். அம்மா வோணாம்னுதான் சொல்லிச்சு. நாந்தான் கேக்காம வெட்டிட்டேன். கொழாய அடைச்சதும் நாந்தான், அதுக்குத் தெரியாது."

செக்யூரிட்டி ஆபீசர் என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். காகிதம் எடுக்கப் போன மனிதர், அவரும் வாயைத் திறக்கவில்லை. மேனேஜர் மறுபடி, "அப்படியாம்மா?" என்று கேட்டார். ஒரே ஒரு வார்த்தை போதும். வீட்டில் அப்பா நிலத்தை விற்றுவிட்டு உட்கார்ந்திருந்தார், என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது என்றெல்லாம் பின்னால் எனக்கு நானே பல காரணங்கள் சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் ஒரு காரணமும் நினைவில் இல்லை. பயந்தேன், அவ்வளவுதான். தலையைக் குனிந்துகொண்டேன். அவர்கள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கேட்டுக்கு வெளியே ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். காக்கிச் சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு வெறும் துண்டோடு போய்க்கொண்டிருந்தார்.

"ஏண்ணா அப்பிடி சொன்னீங்க? நா போய் சொல்லிட்றேன்."

"சொல்லி?" என்றார். பழைய நாக்கு திரும்பியிருந்தது. "உன்னயும் என்னயும் ரெண்டு பேரயும் அனுப்புவான். அப்புறம் எவனாவது புதுசா வருவான். வந்து, அய்யே காலியா கீதேன்னு ரொப்பித்தான் வெப்பான். நம்ம ஊரு ஆளு எவனா இருந்தாலும் ரொப்பித்தான் வெப்பான். இத்த காலியா வெக்கணும்னு இப்ப ரெண்டே பேருக்குத்தான் தெரியும். கீழ கீறது என் வூடு. நீ உள்ள இரு."

எனக்காகச் செய்தார் என்று நினைத்துப் போன எனக்குச் சுருக்கென்று தைத்தது. எனக்காக இல்லை. என்னைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போகிறார்.

அந்தக் கார்த்திகையிலேயே அவர்கள் ஊர் ஏரி கலங்கல் போயிற்று. ஏரி வழிந்தால் ஊரே கூடிப் பொங்கல் வைக்கும். பூசை முடிந்து கற்பூரத் தட்டு முதலில் நீர்க்கட்டிக்கு வரும், மாலையும் அவருக்குத்தான். நான் அதற்குப் போனேன். ஊருக்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். தட்டு அவரைத் தாண்டிப் போனது. அவர் பங்காளி ஒருவர் கழுத்தில் மாலை விழுந்தது. "கர வெட்டினவன் பின்னால நில்லு" என்று யாரோ சொன்னார்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வழி விடச் சொல்வது போலச் சொன்னார்கள். பதினோரு வீட்டுக்காரர்களும் அங்கே இருந்தார்கள். கரை உடையவே இல்லையே, நல்ல கரையை எதற்கு வெட்டினான் என்பதுதான் அவர்கள் கேள்வி. அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் கூட்டத்துக்கு மேல் என்னைப் பார்த்தார். தலையை ஒருமுறை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைத்தார். நான் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

மறு வருஷம் கோடையில், வெட்டிய இடத்தில் கரையைக் கட்டி, குழாய் வாயிலிருந்த சாக்குகளையும் எடுக்க வைத்தேன். புரட்டாசியில் நானே ஷட்டரைத் திறந்தேன். நல்ல தண்ணீர் குழாய் வழியாக மூன்று நாள் ஓடியது. வீடுகளிலிருந்து பெண்கள் காம்பவுண்டின் சின்னக் கேட்டுக்கு வந்து, வயிறு எரியத் திட்டினார்கள். மழைக்கு முன்னால் குளத்தைத் திறந்துவிடுகிறவள் வீடு உருப்படுமா என்றார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் அவர் வந்தார். திட்டிக்கொண்டிருந்தவர்கள் அவருக்குப் பக்கத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டார்கள். அவர் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, நலமா என்றுகூடக் கேட்காமல், "அடி தெரியுதா?" என்றார்.

"தெரியுதுண்ணா."

"நல்லா பாத்து சொல்லு."

கரைமேல் ஏறிப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வடிந்து குழாய் வாய்வரை அடிச்சேறு தெரிந்தது. "தெரியுது" என்று அங்கிருந்தே கத்தினேன். அவர் தலையாட்டிவிட்டு, அந்தப் பெண்களைத் தாண்டி, தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.